ஜே1900-ஆ, ஜே4125-ஆ? பழைய குறைமின் புரோசசர்களில் எதற்குப் பணம் கொடுக்கலாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மலேசியாவின் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை 2024 ஆகஸ்டு 1 தொடங்கிக் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிறு கடை நடத்துபவர்களை ஒரே கேள்விக்குள் தள்ளியிருக்கின்றன. கல்லாவில் இருக்கும் பெட்டி இனித் தாங்குமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அந்தப் பெட்டியைத் திருப்பி ஒட்டுச்சீட்டைப் பார்த்தால், பத்தாண்டுக்கு முன் வாங்கியதாக இருந்தால், பெரும்பாலும் இன்டெல் செலரான் ஜே1900 என்றிருக்கும். மாற்றாக விற்பனையாளர் காட்டும் பழைய பெட்டியில் ஜே4125 இருக்கும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே வரிதான்: ‘நான்கு கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ், 10 வாட்’. வரி ஒன்றாக இருக்க, விலை மட்டும் ஏன் மாறுகிறது என்ற குழப்பம் நியாயமானது. அந்த வரியில் வேறுபாடு எதுவும் இல்லை. வேறுபாடெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது.

1. இரண்டும் எந்த வகை

இரண்டுமே மேசைக் கணினிக்கான முழு அளவுப் புரோசசர்கள் அல்ல. மின்விசிறி இல்லாத சின்னப் பெட்டி, தொடுதிரைக் கல்லா, விளம்பரத் திரை, கோப்புச் சேமிப்புப் பெட்டி போன்றவற்றுக்காக இன்டெல் செய்தவை. இரண்டும் மதர்போர்டில் பற்றவைத்தே வரும். கழற்றி வேறொன்று போட முடியாது. அதனால் புரோசசரைத் தேர்ந்தெடுப்பது என்றாலே முழுப் போர்டையும் தேர்ந்தெடுப்பதுதான்.

ஜே1900: 2013-இன் கடைசிக் காலாண்டில் வந்தது. 22 நானோமீட்டர். சில்வர்மான்ட் என்ற கோர் (கணக்கிடும் மையம்) வடிவமைப்பு. உச்ச வேகம் 2.42 கிகாஹெர்ட்ஸ். கேஷ் (கோருக்கு அருகிலேயே இருக்கும் சின்ன வேக நினைவகம்) 2 எம்பி. ரேம் டிடிஆர்3எல்-1333, அதிகபட்சம் 8 ஜிபி. சாட்டா (வட்டை இணைக்கும் பாதை) வேகம் நொடிக்கு 3 கிகாபிட்.

ஜே4125: 2019-இன் கடைசிக் காலாண்டு. 14 நானோமீட்டர். கோல்ட்மான்ட் பிளஸ் வடிவமைப்பு. உச்ச வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ். கேஷ் 4 எம்பி. ரேம் டிடிஆர்4-2400. இன்டெல் சொல்லும் உச்சவரம்பு இதற்கும் 8 ஜிபிதான், ஆனால் பல போர்டுகளில் 16 ஜிபி சிக்கலின்றி ஓடுகிறது. சாட்டா 6 கிகாபிட்.

இடையில் ஆறு ஆண்டுகள். இன்டெலின் பெரிய புரோசசர்களில், ஒரு கோரின் வேகத்தைப் பொறுத்தவரை, அந்த ஆறு ஆண்டுகள் பெரிய பாய்ச்சலைத் தரவில்லை. இந்தச் சின்னக் குடும்பத்தில் தந்தன.

2. ‘2.0 கிகாஹெர்ட்ஸ்’ ஏன் எதையும் சொல்வதில்லை

கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை சுழற்சி என்ற எண்ணிக்கை. ஒரு சுழற்சியில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்லாது. சில்வர்மான்ட் கோர் ஒரு சுழற்சிக்கு 2 கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும். கோல்ட்மான்ட் பிளஸ் 3 படிக்கும். அதோடு, ஒரு கட்டளை ரேமிலிருந்து தரவு வருவதற்காகக் காத்துநிற்கும்போது, பின்னால் நிற்கும் வேறு கட்டளைகளை முன்கூட்டியே முடித்துவைக்கும் இடமும் அதில் அதிகம்.

கேஷிலும் இதே கதை. ஜே1900-இல் இரண்டு கோர்களுக்கு 1 எம்பி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜே4125-இல் 4 எம்பி முழுவதும் நான்கு கோர்களுக்கும் பொது. ஒரு கோர் மட்டும் மும்முரமாக ஓடினால் அது 4 எம்பியையும் எடுத்துக்கொள்ளலாம். உலாவியில் ஒரு பக்கம் திறப்பது, பில் மென்பொருளில் பொருள் பட்டியலைத் தேடுவது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கின்றன. அங்கேதான் இந்தப் பொதுக் கேஷ் கைகொடுக்கும்.

எண்ணாகச் சொன்னால், பரவலாகப் பயன்படும் வேகச் சோதனைகளில் ஒற்றைக் கோரில் ஜே4125 ஏறக்குறைய இரு மடங்கு. நான்கு கோரும் சேர்ந்து ஓடும்போது இரண்டரை மடங்கை ஒட்டி வருகிறது. உச்ச கிகாஹெர்ட்ஸ் வேறுபாடு 12 சதவீதம்கூட இல்லை. மீதி முழுவதும் கோரின் அகலமும் கேஷும் ரேமும் கொண்டுவந்தது.

இந்த இரண்டு மடங்கைக் கையில் எப்படி உணர்வோம்? வேலையைப் பொறுத்தது. ரசீது அச்சிட எடுக்கும் நேரம் மாறாது, ஏனென்றால் அங்கே தடை அச்சுப்பொறிதான். கிளவுட் வழி இயங்கும் பில் மென்பொருளை உலாவியில் திறந்து வைத்திருந்தால் வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரியும். ஜே1900-இல் பொத்தானைத் தொட்டபின் ஒரு தயக்கம் வரும். ஆள் அவசரத்தில் மறுபடி தொடுவார், ஒரு தே தாரிக் இரண்டாகப் பதிவாகும்.

3. 10 வாட் கணக்கும் டிஎன்பி மின் பில்லும்

டிடிபி என்று பெட்டியில் எழுதியிருக்கும் 10 வாட், புரோசசர் எந்நேரமும் இழுக்கும் மின்சாரம் அல்ல. தொடர்ந்து வேலை செய்யும்போது அது வெளியேற்றும் வெப்பத்தைத் தாங்க எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் (வெப்பத்தைக் கடத்தும் உலோகத் துண்டு) தேவை என்பதைச் சொல்ல இன்டெல் கொடுக்கும் வடிவமைப்பு அளவு. முழுப் பெட்டியும் சும்மா இருக்கும்போது, எஸ்எஸ்டி போட்ட நிலையில், இரண்டும் பொதுவாக 10 வாட்டை ஒட்டியே நிற்கும். ஜே4125 ஓரிரு வாட் குறைவாக இருக்கலாம்.

யூனிட்டுக்கு 45 காசு என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்கு விகிதம் வேறு, உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.

அ. 10 வாட் பெட்டி ஆண்டு முழுவதும் அணையாமல் ஓடினால் 87.6 யூனிட், அதாவது 39 வெள்ளி 42 காசு.

ஆ. இரண்டு பெட்டிக்கும் 2 வாட் வேறுபாடு இருந்தால் ஆண்டுக்கு 17.5 யூனிட். எட்டு வெள்ளிகூட வராது.

இ. சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கும் பழைய டவர் கணினியை வைத்து ஓட்டினால் 350 யூனிட், 157 வெள்ளி 68 காசு.

ஆக, பழைய டவரைத் தூக்கிவிட்டு இவற்றில் ஒன்றை வைப்பதற்கு மின்கட்டணம் நல்ல காரணம். ஜே1900-ஐத் தூக்கிவிட்டு ஜே4125 வாங்க அது காரணமே ஆகாது. ‘கரண்டு மிச்சம்’ என்று சொல்லி விற்க வந்தால் எட்டு வெள்ளிக்கு மேல் காது கொடுக்க வேண்டாம்.

வெப்பம் என்ற தனி விஷயம் உண்டு. மின்விசிறி இல்லாத பெட்டி அறை வெப்பத்தை அடித்தளமாகக் கொண்டே சூடாகும். குளிரூட்டி இல்லாத சாப்பாட்டுக் கடையில் மதியம் 33 டிகிரி, பக்கத்தில் ரொட்டிக் கல், பெட்டியின் மேல் மெனு அட்டைகளின் அடுக்கு. இந்த நிலையில் எந்தச் சிப்பும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். எண்ணெய்ப் புகை படிந்த தூசி ஹீட்சிங்க் இடுக்கில் பிசினாகும், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்து பொடியாகும். ‘முன்பு வேகமாக இருந்தது, இப்போது இழுக்கிறது’ என்ற புகாரில் பாதிக்குத் தீர்வு புதுப் பெட்டி அல்ல. ஹீட்சிங்கைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவில் புதுப் பேஸ்ட் வைத்து மூட வேண்டியதுதான்.

4. ஜே1900-இல் இல்லாத ஒன்று: ஏஇஎஸ்

இணையத்திலும் வட்டிலும் தரவை மறைகுறியாக்க (வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்ற) மிகப் பரவலாகப் பயன்படும் முறை ஏஇஎஸ். புதிய புரோசசர்களில் இதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. ஜே1900-இல் அவை இல்லை. 2013-இல் மலிவுச் சிப் என்பதால் இன்டெல் விட்டுவிட்டது. ஜே4125-இல் இருக்கின்றன.

இதன் விளைவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. எங்கே கடிக்கும், எங்கே கடிக்காது என்று பிரித்தறிவது நல்லது.

மின் விலைப்பட்டியல் அனுப்புவதில் கடிக்காது. ஒரு விலைப்பட்டியல் சில கிலோபைட்டுகள்தான். அதை மறைகுறியாக்க ஜே1900-க்குக் கண்சிமிட்டும் நேரம் போதும். அந்த இணைப்புக்குத் தேவை, டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு முறை) 1.2 அல்லது அதற்கு மேல் பேசத் தெரிந்த இயங்குதளமும் மென்பொருளும். ‘இ-இன்வாய்ஸ் வந்துவிட்டது, அதனால் மெஷின் மாற்ற வேண்டும்’ என்று சொல்பவரிடம், மாற வேண்டியது மென்பொருளா, விண்டோஸா, புரோசசரா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் வராது.

இணையப் பக்கங்களிலும் அவ்வளவாகக் கடிக்காது. ஏஇஎஸ் கட்டளை இல்லாத கணினி என்று தெரிந்தால் குரோம் போன்ற உலாவிகள் சாச்சா20 என்ற வேறு முறையை முன்வைத்துப் பேசும். அது சாதாரணக் கோரிலேயே நன்றாக ஓடக்கூடியது.

விபிஎன்-இல், அதாவது இணையம் வழியே இரு இடங்களை இணைக்கும் மறைகுறியாக்கிய தனிப்பாதையில், கடிக்கும். ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருள் பொதுவாக ஏஇஎஸ்-ஐ நம்பி, ஒரே கோரில் ஓடும். ஜே1900 அங்கே மூச்சுவாங்கும். அதே பெட்டியில் வயர்கார்ட் என்ற மாற்று மென்பொருளைப் போட்டால், அது சாச்சா20-இல் ஓடுவதால், நிலைமை வெகுவாக மேம்படும். வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க விபிஎன் வேண்டும் என்பவருக்கு மென்பொருளை மாற்றினாலே போதும், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

வட்டு முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கரில் பூட்டி வைப்பதிலும், மறைகுறியாக்கிய கோப்புறைகளோடு சேமிப்புப் பெட்டி நடத்துவதிலும் நன்றாகவே கடிக்கும். கோப்பு நகலெடுக்கும் வேகம் கண் முன்னே விழும்.

இணையப் பாதுகாப்புப் பெட்டியாக, அதாவது பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் போட்டு ஓட்டுவதாக இருந்தால், இன்னொரு இடையூறும் உண்டு. யூனிஃபை இணைய இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும்) முறையில் வருகிறது. ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான இந்த மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் உள்ளே வரும் பிபிபிஓஇ தரவு முழுவதும் ஒரே கோரில் வந்து விழும். நான்கு கோர் இருந்தும் மூன்று வேடிக்கை பார்க்கும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு ஜே1900 தாராளம். 500 எம்பிபிஎஸ் வாங்கிவிட்டு அதன் பின்னால் ஜே1900-ஐ வைத்தால், கட்டிய பணத்துக்கு உரிய வேகம் வராமல் போகும் வாய்ப்பு அதிகம். புதிய பதிப்புகளில் இதற்கான டிரைவர் திருந்தியிருக்கிறது, மேம்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஏவிஎக்ஸ் என்ற இன்னொரு கட்டளைத் தொகுப்பு இரண்டிலுமே இல்லை. கடைக்காரருக்கு இது பொருட்டல்ல. ஆனால் வீட்டில் சர்வர் வைத்து விளையாட ஜே4125 வாங்குபவர் கவனிக்க வேண்டும்: மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள், 5.0 பதிப்பு தொடங்கி, ஏவிஎக்ஸ் இல்லாத இன்டெல் புரோசசரில் அது திறக்கவே திறக்காது. அதை அடித்தளமாகக் கொண்ட மென்பொருள்களும் அங்கேயே நின்றுவிடும்.

5. காணொளி: கேமராவிலும் யூடியூபிலும்

காணொளியைப் பிரித்துக் காட்ட, கிராஃபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று இருந்தால் கோர்கள் ஓய்வாக இருக்கும். இல்லாவிட்டால் கோர்களே அந்தச் சுமையைத் தூக்க வேண்டும். ஜே1900-இன் சுற்றுக்கு எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறை தெரியும். எச்.265 தெரியாது, விபி9 தெரியாது. ஜே4125-க்கு மூன்றும் தெரியும், 10 பிட் எச்.265 உட்பட. ஏவி1 இரண்டுக்குமே தெரியாது.

யூடியூப் பொதுவாக விபி9 அல்லது ஏவி1-இல் அனுப்புகிறது. ஆகவே ஜே1900-இல் நொடிக்கு 60 சட்டம் கொண்ட 1080பி காணொளி ஓடும்போது கோர்கள் நூறு சதவீதத்தில் நின்று படம் தத்தித் தத்திப் போகும். எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் உலாவி நீட்சியைப் போட்டால் 1080பி வரை சீராகிவிடும். அதற்கு மேல் தெளிவு வேண்டுமென்றால் ஜே1900 வழிவிட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைகளில் இதைவிட அதிகம் காணும் சிக்கல் கேமரா. இன்றைய சிசிடிவி கேமராக்கள் வட்டில் இடம் மிச்சம் என்பதால் எச்.265-இல் அனுப்புமாறே அமைக்கப்படுகின்றன. கல்லாவின் ஜே1900 பெட்டியிலேயே நான்கு கேமராக்களையும் கட்டம் கட்டிப் பார்க்கலாம் என்று யாரோ மென்பொருளைப் போட்டுவிட்டுப் போவார். அன்றிலிருந்து பில் மென்பொருள் தவழும். பழி பில் மென்பொருளின் மேல் விழும். சரிசெய்ய, கேமராவின் அமைப்புப் பக்கத்தில் துணை ஓடையை (குறைந்த தெளிவில் கூடவே அனுப்பப்படும் படத்தை) எச்.264-க்கு மாற்றி, தெளிவை 640×360 அளவுக்கு இறக்கி, கல்லாவில் அந்தத் துணை ஓடையை மட்டும் திறக்க வேண்டும். பதிவுக் கருவியில் முதன்மை ஓடை எச்.265-ஆகவே இருக்கலாம். ஜே4125 பெட்டியில் இந்த வேலையே இல்லை.

கோயில் மண்டபத்திலோ உணவகத்திலோ திரையில் படம் சுழலவிடுவதற்கு 1080பி எச்.264 கோப்புகளாக மாற்றி வைத்துக்கொண்டால் ஜே1900 இன்றும் போதும். ஐபோனில் எடுத்த காணொளியை அப்படியே போட்டால் விக்கும், ஏனென்றால் ஐபோனின் இயல்பு அமைப்பு எச்.265.

6. ரேமும் வட்டும்: இங்கேதான் காசு வீணாகிறது

ஜே1900-க்கு வேண்டியது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய 1.5 வோல்ட் டிடிஆர்3 அதே பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் திரை கறுப்பாகவே நிற்கும். சீட்டில் ‘பிசி3எல்’ என்று எல் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நொடி வேலை.

ஜே4125 பெட்டிகளில் வேறு சூழ்ச்சி. புரோசசர் இரண்டு தடத்தில் ரேமோடு பேசக்கூடியது. ஆனால் பல சின்னப் பெட்டிகளில் ஒரே ஒரு ரேம் பள்ளம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிடிஆர்4-2400 ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 19.2 ஜிபி. ஜே1900-இல் இரண்டு டிடிஆர்3எல்-1333 போட்டால் 21.3 ஜிபி. ரேம் வேகத்தில் மட்டும் பழையது முந்துகிறது! கேஷ் பெரிதாக இருப்பதால் அன்றாட வேலையில் இது ஜே4125-ஐக் கவிழ்த்துவிடாது. 4கே திரை இணைக்கும்போதுதான் உறுத்தும். வாய்ப்பிருந்தால் இரண்டு பள்ளம் உள்ள போர்டாகப் பாருங்கள்.

வட்டு. ஜே1900-இன் சாட்டா 3 கிகாபிட் என்பதால் எஸ்எஸ்டி நொடிக்கு 270 எம்பி அளவில் முட்டி நிற்கும். ஜே4125-இல் 550 வரை போகும். இதைச் சொல்லி ‘ஜே1900-க்கு எஸ்எஸ்டி வீண்’ என்பது தவறு. சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்து எஸ்எஸ்டிக்குப் போகும்போது கிடைப்பது நேர்கோட்டு வேகம் மட்டும் அல்ல. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும் தாமதம் பல மடங்கு குறைகிறது. 3 கிகாபிட் அதற்குத் தடையில்லை. ஹார்டு டிஸ்கோடு ஓடும் ஜே1900-க்கு 120 ஜிபி எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போடுவதுதான் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் செலவிலும் பலன் அதிகம் தருவது.

பொருந்தாத வட்டு வாங்குவது இன்னொரு வழக்கமான தவறு. ஜே1900 போர்டில் உள்ள சின்னப் பள்ளம் பெரும்பாலும் எம்சாட்டா, அதில் எம்.2 நுழையாது. ஜே4125 போர்டில் எம்.2 பள்ளம் இருக்கும், ஆனால் பலவற்றில் அது சாட்டா வகைக்கு மட்டும். என்விஎம்இ வகையை மாட்டினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், கணினி கண்டுகொள்ளாது.

7. எவ்வளவு காலம் ஆதரவு

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புரோசசர் பட்டியலில் ஜே4125 இருக்கிறது. ஜே1900 இல்லை. குறுக்கு வழியில் ஜே1900-இல் விண்டோஸ் 11-ஐ ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஏறும், ஊர்ந்து நடக்கும். ஆனால் அடுத்த பெரிய மேம்படுத்தல் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தொழில் நடக்கும் இடத்துக்கு அது ஒத்துவராது.

ஜே4125-இல் ஏற்றும்போது டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) இல்லை என்று விண்டோஸ் சொன்னால் பதற வேண்டாம். பயாஸுக்குள் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளுக்குள்) பிடிடி என்ற அமைப்பை இயக்கினால் சிப்புக்குள்ளேயே இருக்கும் டிபிஎம் 2.0 விழித்துக்கொள்ளும்.

ஜே1900 வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள்.

அ. வீட்டுப் பயன்பாட்டுக்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு. 2026 அக்டோபர் 13 வரை.

ஆ. விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021. 2032 ஜனவரி 13 வரை. இது கல்லா, விளம்பரத் திரை போன்ற கருவிகளுக்கான பதிப்பு. கருவி விற்பனையாளர் வழியாகத்தான் முறையான உரிமம் வரும். இருபது வெள்ளிக்கு இணையத்தில் கிடைக்கும் சாவி உரிமம் ஆகாது. சில கல்லாப் பெட்டிகளில் தொடக்கத்திலிருந்தே ஐஓடி பதிப்புதான் இருக்கும், ‘விண்டோஸ் 10 முடிந்துவிட்டது’ என்று மாற்றும் முன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

இ. லினக்ஸ். டெபியனும் மின்ட்டும் இதில் நன்றாக ஓடுகின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளில் இந்தக் குடும்பச் சிப்புகள் காரணமின்றி உறைந்துபோகும் குறை இருந்தது: சிப் ஆழ்ந்த ஓய்வு நிலைக்குப் போய்த் திரும்பி வராது. துவக்கக் கட்டளையில் சி-ஸ்டேட்டை (ஓய்வு நிலையின் ஆழத்தை) 1-க்கு மேல் போகாமல் பூட்டி வைப்பது அன்றைய மருந்து, மின்சாரம் மட்டும் கொஞ்சம் கூடும். இன்றைய கெர்னலில் தேவைப்படாது.

8. ஜே1900-இன் முதுமைக் குறை

விலை பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை. இந்தக் குடும்பச் சிப்புகளில், பல ஆண்டுகள் இடைவிடாமல் ஓடினால், எல்பிசி, யூஎஸ்பி, எஸ்டி கார்டு ஆகியவற்றுக்கான சுற்றுகள் நலிந்து செயலிழக்கக்கூடும் என்று இன்டெலே தன் பிழைப் பட்டியலில் ஒப்புக்கொண்டிருக்கிறது. எல்பிசி என்பது பயாஸ், சீரியல் போர்ட் போன்ற மெதுவான பாகங்களை இணைக்கும் பாதை. அது போனால் பெட்டி துவங்காது. ரசீது அச்சுப்பொறியும் பணப்பெட்டியும் சீரியல் போர்ட்டில் தொங்கும் கல்லாக்களில் அவை அவ்வப்போது காணாமல் போய் வருவது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பிறகு திருத்திய ஸ்டெப்பிங், அதாவது அதே சிப்பின் குறை நீக்கிய மறுபதிப்பு வந்தது. ஆயுளைத் தீர்மானிப்பது ஸ்டெப்பிங்தான். மூடிய பெட்டியில் அதை உறுதிசெய்வது எளிதல்ல. பத்தாண்டு இரவுபகலாக ஓடிய பெட்டி என்றால் பழைய ஸ்டெப்பிங் என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதிலுள்ள விற்பனைக் கணக்கை நாள்தோறும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

9. அப்படியானால் எதற்கு எவ்வளவு

கையில் ஜே1900 ஏற்கெனவே இருக்கிறது, ஒரே ஒரு வேலை செய்கிறது, மென்பொருள் கணினியிலேயே ஓடுகிறது: வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி, ரேம், பேஸ்ட். அதோடு நிறுத்துங்கள்.

ஜே1900-ஐப் பணம் கொடுத்து வாங்குவது: வேண்டாம். தமிழ்ப்பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுக்க மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் வேண்டாம். பிள்ளைகள் திறப்பது உலாவியும் காணொளியும்தான். இரண்டிலும் இது தோற்கும்.

ஜே4125: விண்டோஸ் 11 வேண்டும், மின்விசிறி இருக்கக் கூடாது, சீரியல் போர்ட் வேண்டும் என்ற மூன்றும் சேரும் இடத்தில் இது நல்ல சரக்கு. சேமிப்புப் பெட்டிக்கும் ஏற்றது, சினாலஜி தன் டிஎஸ்920+ மாடலில் இதைத்தான் வைத்தது.

ஆனால் ஜே4125-க்கு உண்மையான போட்டி ஜே1900 அல்ல. 2023-இல் வந்த என்100 பெட்டிகள் ஒருபுறம்: நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை, 6 வாட், ஏவிஎக்ஸ்2-உம் ஏவி1-உம் உண்டு. அலுவலகக் குத்தகை முடிந்து கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா போன்ற இடங்களுக்கு வரும், ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சின்னக் கணினிப் பெட்டிகள் மறுபுறம். அவற்றில் கோர் ஐ5-8500டி கிடைத்தால் ஆறு கோர், விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. சும்மா இருக்கும்போது சில வாட் கூட, மின்விசிறி ஓடும், வேகத்தில் ஜே4125-ஐ வெகுதூரம் விட்டுச் செல்லும். அதே உருவப் பெட்டியில் ஐ5-6500டி என்றால் கவனம், வேகம் உண்டு, விண்டோஸ் 11 பட்டியலில் இடமில்லை.

எனவே பழைய ஜே4125 பெட்டிக்குக் கேட்கும் விலை, புது என்100 பெட்டி விலையில் பாதியைத் தாண்டினால் பேரம் பேசுங்கள். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நடையைக் கட்டுங்கள்.

10. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

அ. பெட்டியை இயக்கி, டாஸ்க் மேனேஜரில் புரோசசர் பெயரைப் படியுங்கள். ஒட்டுச்சீட்டை நம்ப வேண்டாம். ஜே4125 என்று விற்கப்படுவது ஜே4025 ஆக இருந்தால் கோர் இரண்டுதான்.

ஆ. ரேம் எத்தனை பள்ளத்தில் இருக்கிறது என்று அதே திரையில் தெரியும். வட்டு 64 ஜிபி இஎம்எம்சி என்றிருந்தால், அது போர்டிலேயே பற்றவைத்தது, விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்ச அளவு. வேறு எஸ்எஸ்டி போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இ. காணொளி ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கிகாஹெர்ட்ஸ் அளவு அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை.

ஈ. எல்லா யூஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் போட்டுப் பாருங்கள். சீரியல் போர்ட்டுக்கு உங்கள் அச்சுப்பொறியையே எடுத்துச் செல்வது நல்லது.

உ. அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து இயக்குங்கள். தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. சில வெள்ளிதான், ஆனால் தேதி தவறினால் பாதுகாப்பு இணைப்புகள் மறுக்கப்படும், மின் விலைப்பட்டியலும் போகாது.

ஊ. அடாப்டரின் சீட்டைப் பாருங்கள். பெட்டி 12 வோல்ட் 5 ஆம்பியர் கேட்க, கூட வருவது 12 வோல்ட் 2 ஆம்பியராக இருந்தால், கடையில் இயங்கும். அச்சுப்பொறியும் ஸ்கேனரும் மாட்டிய மறுநாள் கூட்ட நேரத்தில் அணைந்துபோகும்.